‘பெண்கள்’ என்ற சொல் எங்கே போயிற்று?

கேள்வி: லண்டனில் மருத்துவமனைக் கையேடுகளைத் தமிழில் மொழிபெயர்த்துக் கொடுக்கிறேன். போன வாரம் வந்த பிரசவக் கையேட்டில் ‘பெண்கள்’ என்ற சொல்லே இல்லை. எல்லா இடத்திலும் ‘பிரசவிக்கும் நபர்கள்’. எனக்கு ஒப்பவில்லை என்று வீட்டில் சொன்னேன். கல்லூரியில் படிக்கும் மகள், “உனக்குத் திருநர் மேல் வெறுப்பும்மா” என்று சொல்லிவிட்டு, அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பெண்ணுரிமை பேசியே வளர்ந்தவள் நான். தப்பு என் பக்கமா?

பதில்: வெறுப்பு வேறு, உறுத்தல் வேறு, சகோதரி. உங்களுக்கு இருப்பது உறுத்தல்தான். 2021இல் லான்செட் மருத்துவ இதழின் அட்டையில் ஒரு வரி வந்தது: ‘யோனியுள்ள உடல்கள்’ மருத்துவத்தில் நெடுங்காலமாகப் புறக்கணிக்கப்பட்டன என்று. பெண்கள் புறக்கணிக்கப்பட்டதைச் சொல்ல வந்த வரியிலேயே பெண்ணைக் காணோம்! கண்டனம் எழுந்தது, ஆசிரியர் மன்னிப்புக் கேட்டார்.

மகள் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழும் திருநம்பிகளில் பிள்ளை பெறுபவர்களும் உண்டு. பிரசவ அறையில் அப்படி ஒருவரை ‘அம்மா’ என்று அழைத்தால் அவருக்கு எப்படியிருக்கும்? அதே 2021இல் இங்கிலாந்தின் பிரைட்டன் நகர மருத்துவமனை நிர்வாகம் ‘பெண்களும் பிரசவிக்கும் நபர்களும்’ என்று எழுத முடிவுசெய்தது. ‘பெண்கள்’ அங்கே அப்படியே இருந்தது, பக்கத்தில் இன்னொரு சொல் சேர்ந்தது, அவ்வளவுதான். பெண்ணையே அழித்துவிட்டதுபோல் சில பத்திரிகைகள் கூச்சல் போட்டன. என் கட்சி பிரைட்டன் கட்சி: சேர்க்கலாம், அடிக்கக் கூடாது.

அதிலும் உங்கள் கையேட்டைப் படிக்கப்போவது யார்? ஊரிலிருந்து வந்து இரண்டு வருடமான, ஆங்கிலம் பிடிபடாத ஒரு கர்ப்பிணி. ‘நபர்’ என்றாலே நம் பத்திரிகைகள் முன்னால் ‘மர்ம’ என்று ஒட்டிவிடும். தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று அவளுக்கு உறைக்க வேண்டாமா? ‘மகப்பேறு’ என்ற சொல்லில் ஆணும் இல்லை பெண்ணும் இல்லை, தாராளமாகப் போடுங்கள். ‘தாய்ப்பால்’ அப்படியில்லை, சொல்லுக்குள்ளேயே தாய் உட்கார்ந்திருக்கிறாள். அவளை எடுத்துவிட்டு எழுதினால் புட்டிப்பாலா, பசும்பாலா என்று குழப்பம்தான் மிஞ்சும். ஆனால் மூலத்தை நீங்களாக மாற்றிவிடாதீர்கள். ‘பெண்களும் கருவுற்றிருக்கும் மற்றவர்களும்’ என்று போடலாமா என்று, வேலை கொடுத்தவர்களுக்குக் காரணத்தோடு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்.

அப்புறம், 2025 ஏப்ரல் 16 அன்று வந்த பிரிட்டன் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை மகள் முன்னால் ஆட்டிக் காட்ட வேண்டாம். 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தில் ‘பெண்’ என்பது பிறப்பின்படியான பாலைக் குறிக்கிறது என்று ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள், உண்மை. இது ஒரு தரப்பின் வெற்றி என்று எண்ண வேண்டாம், திருநருக்கான சட்டப் பாதுகாப்பு தொடர்கிறது என்றும் அவர்களேதான் சொன்னார்கள். கையேட்டில் என்ன எழுதலாம் என்பது அந்த வழக்கே இல்லை.

மகளின் கோபத்துக்குப் பின்னால் ஒரு தோழரோ தோழியோ இருக்கலாம். யார் என்று கேளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிடுங்கள். எப்படி அழைப்பது என்ற கவலை நமக்கு எதற்கு? ஆங்கிலக்காரர்கள் ‘ஹீ’யா, ‘ஷீ’யா, ‘தே’யா என்று திண்டாடட்டும். நமக்குத்தான் ‘அவங்க’ இருக்கிறதே.