லாபம் அதிகம் காட்டும் வங்கியின் பங்கை வாங்கலாமா?

கேள்வி: ராயக்கோட்டையில் நானும் என் கணவரும் தக்காளி மண்டி நடத்துகிறோம். சேமிப்பு 18 லட்சம் ரூபாய் ஒரே வங்கியில் என் பெயரில் எஃப்.டி.யாக இருக்கிறது. ஓசூரில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகன், "எஃப்.டி.யில் ஒன்றும் மிஞ்சாது அத்தை, வங்கிப் பங்கு வாங்குங்கள்" என்கிறான். இரண்டு வங்கிகளை ஒப்பிட்டுக் காட்டினான். ஒன்று சொந்த மூலதனத்தின் மீது 18 சதவீதம் லாபம் ஈட்டுகிறதாம், மற்றது 12 சதவீதம்தானாம். முதல் வங்கியில் போடச் சொல்கிறான். எங்கள் வங்கியில் இருப்பவரோ, டெபாசிட்டைவிட அதிக வட்டி தரும் பத்திரம் இருக்கிறது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இப்போதைக்கு இரண்டு பேர் சொல்வதையும் தள்ளி வையுங்கள். உங்கள் அண்ணன் மகன் சொன்ன கணக்கு தப்பில்லை, ஆனால் பாதிக் கணக்கு. மீதிப் பாதி, அந்த லாபத்தை யாருடைய பணத்தை வைத்து ஈட்டினார்கள் என்பது.

மண்டி நடத்துகிற உங்களுக்கு இது சட்டென்று புரியும். கைமுதல் 10 லட்சம், வெளியே வாங்கியது 90 லட்சம் என்று ஒருவர் வியாபாரம் செய்கிறார். விலை நன்றாக இருக்கும் சீசனில் கைமுதலுக்கு அவர் எடுக்கும் லாபத்தைப் பார்த்தால் ஊரே வாய் பிளக்கும். கிலோ ஐந்து ரூபாய்க்கு இறங்கி, தக்காளியை ரோட்டில் கொட்டும் சீசனில் முதலில் காணாமல் போவதும் அவர்தான்.

வங்கி என்பதே பெரும்பாலும் அடுத்தவர் பணத்தில் நடக்கும் தொழில். சொந்த மூலதனம் கொஞ்சம்தான், மீதியெல்லாம் உங்களைப் போன்றவர்களின் டெபாசிட்டும் வாங்கிய கடனும். அந்த இரண்டு வங்கிகளையும் ஒரு உதாரணக் கணக்கில் பார்ப்போம். முதல் வங்கி கடன், முதலீடு என்று 100 ரூபாய் வெளியே விட்டிருக்கிறது. அதில் சொந்தப் பணம் 6 ரூபாய். 18 சதவீதம் என்றால் லாபம் 1 ரூபாய் 8 காசு. இரண்டாவது வங்கியும் 100 ரூபாய்தான் விட்டிருக்கிறது, ஆனால் சொந்தப் பணம் 10 ரூபாய். 12 சதவீதம் என்றால் லாபம் 1 ரூபாய் 20 காசு.

அதே 100 ரூபாய்த் தொழிலில் அதிகம் சம்பாதித்தது இரண்டாவது வங்கி! சொந்தப் பணம் குறைவாக இருப்பதால்தான் முதல் வங்கியின் சதவீதம் பெரிதாகத் தெரிகிறது. இப்போது இரண்டிலுமே 4 ரூபாய்க் கடன் திரும்பி வராமல் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வங்கியில் மிஞ்சும் சொந்தப் பணம் 2 ரூபாய், இரண்டாவதில் 6 ரூபாய். முதல் வங்கி உடனே புதுப் பங்கு வெளியிட்டுப் பணம் திரட்ட ஓட வேண்டும். பெயர் கெட்ட நேரத்தில் அந்தப் பங்கு அடிமாட்டு விலைக்குத்தான் போகும். பழைய பங்குதாரரின் பங்கு மதிப்பு கரைவது அப்படித்தான்.

அப்படியானால் சொந்த மூலதனம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லதா என்றால், அதுவும் இல்லை. புதிதாகப் பெரும் மூலதனம் திரட்டிய வங்கி, அதைக் கடனாகக் கொடுத்து முடிக்கும் வரை மந்தமான லாபம்தான் காட்டும். டெபாசிட்டுக்குக் கொடுக்கும் வட்டிக்கு வருமான வரியில் கழிவு உண்டு, பங்குக்குக் கொடுக்கும் டிவிடெண்டுக்குக் கிடையாது. அதனால் வங்கிகளுக்குக் கடன் பணத்தின் மேல்தான் ஆசை. அந்த ஆசைக்குக் கடிவாளம் போடத்தான் ரிசர்வ் வங்கி குறைந்தபட்ச அளவு வைத்திருக்கிறது. வணிக வங்கிகள், இடர் மதிப்பிட்ட சொத்தில் (கொடுத்த கடனையும் முதலீட்டையும் ஆபத்துக்கு ஏற்ப எடை போட்டுக் கூட்டிய தொகையில்) 9 சதவீதமும் அதற்கு மேல் காப்பு மூலதனமாக 2.5 சதவீதமும், ஆக 11.5 சதவீதம் வைத்திருக்க வேண்டும். சிறு நிதி வங்கிகளுக்கு 15 சதவீதம். இடர் மதிப்பிட்ட என்பதைக் கவனியுங்கள்: அரசுப் பத்திரத்தில் போட்ட பணத்துக்கு இந்தக் கணக்கில் எடை பூஜ்யம்; அடமானம் இல்லாத தனிநபர் கடனுக்கோ 2023 நவம்பரில் எடையை 100லிருந்து 125 சதவீதமாக உயர்த்தினார்கள்.

மூலதனம் தேய்ந்தால் தொழிலே படுத்துவிடும் என்பதை நம் அரசு வங்கிகளிடம் பார்த்துவிட்டோம். 2015க்குப் பிறகு வாராக்கடன்களை மறைக்காமல் காட்டச் சொன்னபோது மூலதனம் கரைந்தது. 2018 வாக்கில் 11 அரசு வங்கிகள், பலவீனமான வங்கிகளுக்குக் கட்டுப்பாடு போடும் ரிசர்வ் வங்கியின் திருத்த நடவடிக்கைப் பட்டியலில் இருந்தன. தேனா வங்கியைப் புதுக் கடனே கொடுக்கக் கூடாது என்று நிறுத்தி வைத்தார்கள். கடன் கொடுக்க முடியாத வங்கிக்கு லாபம் எங்கிருந்து வரும்?

ஆகவே அண்ணன் மகனிடம் இன்னும் மூன்று எண்களைக் கேளுங்கள்: மொத்தச் சொத்தின் மீதான லாபம், மூலதன விகிதம், நிகர வாராக்கடன் (ஒதுக்கி வைத்தது போக மீதமுள்ள திரும்பாத கடன்). கூடவே, டெபாசிட்டில் சேமிப்புக் கணக்கும் நடப்புக் கணக்கும் எவ்வளவு என்றும் பார்க்கச் சொல்லுங்கள். நடப்புக் கணக்குக்கு வட்டியே கிடையாது, சேமிப்புக்கு எஃப்.டி.யைவிடக் குறைவு. அந்தப் பணம் அதிகம் உள்ள வங்கி, மூலதனத்தை மெலிய வைக்காமலே லாபம் பார்க்கும்.

அடுத்து பத்திரம். இதில்தான் எனக்குக் கவலை. வங்கி வெளியிடும் எல்லாப் பத்திரமும் ஒன்றல்ல. சிலவற்றை வங்கியின் மூலதனத்தோடு சேர்த்தே கணக்கிடுவார்கள். வங்கி நொடித்தால் டெபாசிட்தாரருக்கு முன்னால் நின்று அடி வாங்குவது அவைதான். கூடுதல் வட்டி தருவதே அதற்காக. 2020 மார்ச்சில் யெஸ் வங்கியைக் காப்பாற்றியபோது, முதிர்வுத் தேதியே இல்லாத இந்த ரகப் பத்திரங்களில் 8,415 கோடி ரூபாயை அப்படியே தள்ளுபடி செய்தார்கள். வழக்கு நீதிமன்றம் வரை போனது. எஃப்.டி. மாதிரிதான் என்று நம்பி வாங்கிய சாதாரண மக்களும் அதில் இருந்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி இந்த ரகத்துக்குக் குறைந்தபட்ச முதலீட்டு அளவை ஒரு கோடி ரூபாயாக்கியது. எனவே உங்களிடம் சொல்லப்படுவது அதற்கு அடுத்த ரகமாக இருக்கலாம். அதுவும் ஆபத்தில்லாதது அல்ல. 1926இல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி, 2020 நவம்பரில் டி.பி.எஸ். வங்கியோடு இணைந்தபோது அந்த இரண்டாம் அடுக்குப் பத்திரம் 318 கோடி போனது, பங்குகள் மொத்தமும் பூஜ்யமாயின. டெபாசிட் போட்டவர்களுக்குச் சில நாட்கள் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாத நெருக்கடி. ஆனால் பணம் முழுதும் கிடைத்தது. ஒரே வங்கிதான், எந்த வரிசையில் நின்றார்கள் என்பதுதான் வித்தியாசம்.

வங்கிக்காரரிடம், "வங்கி நொடித்தால் இந்தப் பத்திரத்தைத் தள்ளுபடி செய்ய விதி இருக்கிறதா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். நேரான பதில் வராவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.

சரி, 18 லட்சத்தை என்ன செய்வது? டெபாசிட் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு, அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான். ஒரே வங்கியின் எத்தனை கிளையில் போட்டாலும் அதே 5 லட்சம். உங்கள் பெயரில் ஒரு வங்கியில் நாலரை லட்சம், கணவர் பெயரில் நாலரை லட்சம், இன்னொரு வங்கியில் அதேபோல் என்று பிரித்தால் முழுப் பணமும் காப்புக்குள் வந்துவிடும். ஒன்றைத் தமிழ்நாடு கிராம வங்கியிலோ மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியிலோ போடலாம், காப்பீடு அங்கேயும் உண்டு. ஊரிலுள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கு மட்டும் அந்தக் காப்பீடு கிடையாது. எஃப்.டி.யை முதிர்வுக்கு முன் உடைத்தால் வட்டி கொஞ்சம் குறையும். முதிரும்போது ஒவ்வொன்றாக மாற்றினால் போதும்.

பங்கு ஆசை இருந்தால், இந்த 18 லட்சத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் வேண்டாம். அதையும் ஒரே வங்கியில் போடாமல், பல வங்கிப் பங்குகள் கொண்ட இண்டெக்ஸ் ஃபண்டில் மாதாமாதம் போடுங்கள். மண்டித் தொழிலே ஏற்ற இறக்கம் நிறைந்தது, சேமிப்பும் அதே மாதிரி ஆட வேண்டியதில்லை.

இன்னொன்று: மண்டியின் நடப்புக் கணக்கு, உங்கள் கணவர் ஒருவரே உரிமையாளரான தனி உரிமை நிறுவனத்தின் பெயரில் இருந்தால், அதில் உள்ள பணமும் அவருடைய 5 லட்சத்துக்குள்தான் சேரும். அவர் பெயரிலான எஃப்.டி.யை மண்டிக் கணக்கு இல்லாத வங்கியில் போடுங்கள்.