கல்வியியற் கல்லூரியா, எக்ஸ்டேர்னல் டிகிரியா?

தங்கச்சி, ஏஎல்ல, அதான் உயர்தரத்துல, ஆர்ட்ஸ் செஞ்சு ரெண்டு பி ஒரு சி, கம்பஸ் கிடைக்கல்ல, டீச்சராகத்தான் ஆசை, வீட்டுல கம்பஸுக்குள்ள போகாம வெளிவாரியாப் படிக்கிற எக்ஸ்டேர்னல் டிகிரி படி எண்டுறாங்க எண்டு எழுதியிருந்தீங்க. நான் சொல்லுறது, டீச்சர்மாரப் பயிற்றுற கல்வியியற் கல்லூரிக்கு முதல்ல விண்ணப்பம் போடுங்க. நமக்குத் தாழங்குடாக் கல்லூரியும் அட்டாளைச்சேனைக் கல்லூரியும் கிட்டத்தான, மூணு வருஷம், ரெண்டு வருஷம் உள்ள தங்கிப் படிப்பு, கடைசி வருஷம் ஸ்கூல்ல பயிற்சி. டிகிரிய முடிச்சாலும் மாகாணத்தால போட்டிப் பரீட்சை கூப்பிடுமட்டும் காத்துக் கிடக்கணும், அந்தக் காத்திருப்பு நம்மட பிள்ளைகளை எவ்வளவு உடைச்சிருக்கு எண்டு பார்த்தவ நான்.

விண்ணப்பம் கேட்டு அரசாங்க வர்த்தமானி (கெசட்) வந்தா பாட நெறிக்கு என்ன தகுதி கேட்டிருக்கு எண்டு வரி வரியா வாசிங்க, மத்தவங்க சொல்லுறத நம்பிப் போட்டுராதீங்க, ஏஎல் புள்ளிய வச்சுக் கணக்கிடுற இசட் ஸ்கோர் பாக்குறாங்க, நேர்முகமும் இருக்கு.

வகுப்புல நிக்கப் பயம் எண்டீங்களே, அதுக்கு இப்பவே ஊர்ல அறநெறி வகுப்போ, பக்கத்து வீட்டு ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளோ, நாலு பேருக்குச் சொல்லிக் குடுங்க. எனக்கு முதல் நியமனம் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால இருக்கிற படுவான்கரைல, குருமண்வெளில பாதை, அதான் ஆக்களை ஏத்துற மிதவைப் படகு, அதுல ஏறி மண்டூருக்குப் போய் அங்கால பஸ், முதல் கிழமை குரலே வரல்ல. பெரிய பாடமெல்லாம் விட்டுட்டு ஒவ்வொரு பிள்ளைட பேரையும் பாடமாக்கினன், பேர் சொல்லிக் கூப்பிட்டதோட வகுப்பே மாறிட்டு. தூரத்து ஸ்கூல் கிடைச்சா அழாதீங்கம்மா, அந்தப் பிள்ளைகளுக்குத்தான் டீச்சர் இல்ல.