ஊரையே இழிவாக எழுதிய பயணக் கட்டுரை: யார் புகார் செய்யலாம், எத்தனை நாளுக்குள்?

கேள்வி: எங்களுடையது காயலோர மீனவக் கிராமம். சுற்றுலாப் படகு ஓட்டும் 14 பேர் பதிவு பெற்ற சங்கமாக இருக்கிறோம். நான் அதன் செயலாளர். ஒரு நாளிதழின் ஞாயிறு இணைப்பில் எங்கள் ஊரைப் பற்றிப் பயணக் கட்டுரை வந்து 35 நாள் ஆகிறது. 'தெருவெல்லாம் மீன் நாற்றம்', 'பொழுது சாய்ந்தால் பாதி ஆண்கள் போதையில்' என்று எழுதியிருக்கிறார்கள். 'படகுக்காரர்கள் காயல் நடுவில் எஞ்சினை நிறுத்தி, இன்னும் 500 ரூபாய் தந்தால்தான் கரை என்கிறார்கள்' என்றும் இருக்கிறது. கருவாடு காயவைக்கும் அக்கா ஒருவரின் முகம் தெரியும் படத்தைப் போட்டு, 'வெளியூர்க்காரர் என்றால் கெட்ட சரக்கைத் தலையில் கட்டுவது இங்கே வழக்கம்' என்று கீழே எழுதியிருக்கிறார்கள். காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். போட முடியாது என்றுவிட்டார்கள். ஊராட்சி பெயரில் மானநஷ்ட வழக்கு போடலாம் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாகியிருக்கிறது. செய்யலாமா?

பதில்: முதலில் காலண்டரைப் பாருங்கள். நாளிதழில் வந்ததைப் பற்றி இந்தியப் பத்திரிகை கவுன்சிலுக்குப் புகார் அனுப்ப, வெளியான நாளிலிருந்து 2 மாதம்தான் அவகாசம். அதற்கும் முன்பு ஆசிரியருக்கு எழுதி, அவர் என்ன செய்கிறார் என்று பார்த்திருக்க வேண்டும். ஆசிரியருக்கு எழுதியதாக நீங்கள் சொல்லவில்லை; எழுதவில்லை என்றால், அடுத்த கூட்டம் வரை காத்திருக்காமல் இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.

ஊராட்சி பெயரில் வழக்கு என்ற முடிவைக் கைவிடுங்கள். ஆட்டோ சங்கர் வழக்கு என்று நம் ஊரில் பேசப்படும் ஆர். ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், அரசோ உள்ளாட்சி அமைப்போ தன் பெயர் கெட்டதென்று நஷ்டஈடு கேட்டு வழக்குத் தொடுக்க முடியாது என்று 1994-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஊராட்சித் தலைவர் மறுப்புக் கடிதம் எழுதலாம், அதற்குத் தடையில்லை. ஊராட்சிப் பணத்தை வக்கீல் ஃபீஸுக்கு எடுத்தால் பின்னால் தணிக்கையில் அவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஊரே சேர்ந்து வழக்குப் போட்டால்? கூட்டத்தில் 400 பேர் கையெழுத்துப் போட்டாலும் வழக்குக்கு அது பலம் சேர்க்காது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு ஒரு கூட்டத்தாரைப் பற்றிய அவதூறையும் குற்றம் என்கிறது. ஆனால் அந்தக் கூட்டம் இன்னார் இன்னார் என்று எல்லை கட்டிச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். 1971-ல் சேலத்தில் நடந்த திராவிடர் கழக மாநாட்டைப் பற்றிய செய்திக்காக வரவேற்புக் குழுத் தலைவர் நாளிதழ்கள் மேல் வழக்குத் தொடுத்தார். மாநாட்டுக்கு வந்த கூட்டம் வரையறுக்க முடியாதது என்று 1972-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தமிழ்ப் பெண்களை இழிவுபடுத்தியதாக நடிகை குஷ்பு மேல் போடப்பட்ட 23 புகார்களும் 2010-ல் ரத்தானதற்கு இதுவும் ஒரு காரணம். மறுபக்கம், அலிகாரின் அரசு வழக்கறிஞர்கள் லஞ்சம் வாங்குகிறார்கள் என்று எழுதிய பத்திரிகைக்காரருக்குக் கிடைத்த தண்டனையை 1965-ல் அதே நீதிமன்றம் உறுதி செய்தது. ஏனென்றால் 'அலிகாரின் அரசு வழக்கறிஞர்கள்' என்றால் யார் யார் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இந்தக் கண்ணோடு கட்டுரையை வரி வரியாகப் பாருங்கள். 'மீன் நாற்றம்' என்பது வந்தவரின் மூக்குக்குப் பட்டது, கருத்து. அதன் மேல் வழக்கு நிற்காது. 'பாதி ஆண்கள் போதையில்' என்ற வரிதான் ஊரை அதிகம் வதைத்திருக்கும், அந்தக் கோபம் முழுக்க நியாயம். ஆனால் எந்தப் பாதி? தனி ஆள் எவரும் 'என்னைத்தான் சொன்னான்' என்று நிரூபிக்க முடியாது. அதைக் கவுன்சிலுக்கு எழுதுங்கள், நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டாம்.

படகு வரி அப்படியல்ல. உங்கள் ஊரில் சுற்றுலாப் படகு ஓட்டுவது நீங்கள் 14 பேர் மட்டும்தான் என்றால், அது அடையாளம் காட்டக்கூடிய கூட்டம். சங்கத்தில் சேராத படகுகளும் ஓடுகின்றனவா? ஓடினால் உங்கள் நிலை கொஞ்சம் இளகும். மறைக்காமல் வக்கீலிடம் சொல்லிவிடுங்கள். இன்னொன்றையும் உங்களுக்குள் நேராகக் கேட்டுக்கொள்ள வேண்டும்: யாராவது ஒருவர், ஒரு நாளாவது, அப்படிக் காசு கேட்டாரா? பொதுநன்மைக்காகச் சொல்லப்பட்ட உண்மை அவதூறாகாது. ஒருவர் கேட்டிருந்தால் 'ஒருவரின் செயலை 14 பேர் மேலும் போட்டது தவறு' என்ற அளவில் நில்லுங்கள். யாரும் கேட்கவில்லை என்றால் கட்டண போர்டின் படம், அந்தக் காலத்து ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகள், படகு புறப்பட்ட நேரம் எழுதும் நோட்டு மூன்றையும் எடுத்து வையுங்கள். கட்டுரைக்காரர் எந்த நாள் வந்தார் என்று தெரிந்தால் அந்த நாளின் அடிக்கட்டை உங்களுக்கு ரொம்ப முக்கியமான சாட்சி.

இந்தக் கட்டுரையில் சட்டப்படி மிக வலுவான வழக்கு உங்கள் சங்கத்துடையதுகூட இல்லை, அந்த அக்காவுடையது. 'இங்கே வழக்கம்' என்று பொதுவாகச் சொன்ன வாக்கியம், அவர் முகத்துக்குக் கீழே வந்ததால் அவர் மேல் விழுகிறது. தெரிந்தவர்கள் பார்த்தால் 'கெட்ட சரக்கு விற்பவர்' என்றுதான் படிப்பார்கள். பாதிக்கப்பட்டவர் அவர், ஆகவே கையெழுத்தும் அவருடையதாக இருக்க வேண்டும். அவருக்காகச் சங்கம் புகார் கொடுத்தால் முதல் ஆட்சேபணையே அதுவாகத்தான் இருக்கும்.

ஆசிரியருக்கு எழுதும் கடிதம் ஒன்றரைப் பக்கத்தைத் தாண்ட வேண்டாம். ஆவேசமும் ஊர்ப் பெருமையும் அதில் வேண்டாம், எவ்வளவு வலித்தாலும். இப்படி இருக்கலாம்: 'தங்கள் நாளிதழின் இன்ன தேதி, இன்ன பதிப்பு, இன்ன பக்கத்தில் வெளியான கட்டுரையின் 3-ஆம் பத்தியில், படகு ஓட்டுநர்கள் காயல் நடுவில் கூடுதலாக 500 ரூபாய் கேட்பதாக உள்ளது. இவ்வூரில் படகு ஓட்டுவோர் நாங்கள் 14 பேர் மட்டுமே. கட்டணம் படகுத்துறையில் எழுதிவைக்கப்பட்டு, ஏறுமுன் ரசீதுடன் வசூலிக்கப்படுகிறது. கட்டுரையாளர் எங்களில் எவரிடமும் விளக்கம் கேட்கவில்லை. இத்துடன் உள்ள 150 சொல் மறுப்பை அதே இணைப்பில், அதே அளவு முக்கியத்துவத்துடன் 10 நாளுக்குள் வெளியிடக் கோருகிறோம்.' அக்காவின் கடிதம் தனியாகப் போகட்டும். இணையப் பதிப்பிலிருந்து படத்தையும் குறிப்பையும் நீக்கும்படி அதில் கேளுங்கள். ஆசிரியர் பெயரும் முகவரியும் இதழின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். ஸ்பீட் போஸ்டில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

பதில் வரவில்லை, வந்தும் திருப்தியில்லை என்றால் கவுன்சில். முகவரி: சூச்னா பவன், 8, சி.ஜி.ஓ. வளாகம், லோதி சாலை, புது டெல்லி 110003. கட்டணம் கிடையாது. கட்டுரையின் நறுக்கு, தமிழில் இருப்பதால் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தின் நகல், வந்திருந்தால் பதில், எந்த வரி ஏன் தவறு என்ற விளக்கம், எந்த நீதிமன்றத்திலும் இதுபற்றி வழக்கு நிலுவையில் இல்லை என்ற உறுதிமொழி எல்லாம் வேண்டும். பல புகார்கள் தடுக்கி விழுவது அந்த உறுதிமொழியில்தான். வழக்கு நிலுவையில் உள்ள விஷயத்தைக் கவுன்சில் விசாரிக்க முடியாது என்று 1978-ஆம் ஆண்டுப் பத்திரிகை கவுன்சில் சட்டத்தின் 14-ஆம் பிரிவு சொல்கிறது. அவசரப்பட்டு வழக்குப் போட்டால் இந்தக் கதவு அடைபட்டுவிடும். கவுன்சிலால் அபராதம் போடவோ நஷ்டஈடு வாங்கித் தரவோ முடியாது; பத்திரிகையை எச்சரிக்கலாம், கண்டிக்கலாம், விசாரணை விவரத்தை அதே இதழில் வெளியிடச் சொல்லலாம். ஊரின் பெயரை மீட்கத்தான் இவ்வளவும் என்றால், உங்களுக்கு வேண்டியது பெரும்பாலும் அதுதான்.

ஆனால் கவுன்சிலில் மனு இருக்கிறது என்பதற்காக நீதிமன்றக் கெடு நிற்காது. நஷ்டஈட்டு வழக்குக்கு வெளியான நாளிலிருந்து ஓராண்டு. தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் கேட்கும் தொகையில் 3 சதவீதம், அதாவது 1 லட்சம் கேட்டால் 3,000 ரூபாய். கட்டுரை வெளியானதிலிருந்து 10-ஆம் மாதத்தில் உட்கார்ந்து முடிவெடுங்கள். குற்ற வழக்குக்கு 3 ஆண்டு. போலீசார் உங்களிடம் சொன்னது சரி. அவதூறுக்கு நேரடியாக எஃப்.ஐ.ஆர். கிடையாது. பாதிக்கப்பட்டவர் குற்றவியல் நடுவர் முன் தனிப்புகார் கொடுக்க வேண்டும், எதிர்த்தரப்பைக் கேட்ட பிறகே அது கோப்பில் ஏறும். கட்டுரையில் சாதியைச் சுட்டிப் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் மேல் வெறுப்பைத் தூண்டும் வரி இருந்தால் கதை வேறு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(u) பிரிவில் போலீசாரே வழக்குப் பதிய வேண்டும். நீங்கள் அனுப்பிய பகுதிகளில் அப்படி எதுவும் இல்லை.

சாட்சியத்துக்கு முழு இதழாகவே இரண்டு பிரதி வாங்கி மடிக்காமல் வையுங்கள். நறுக்கில் தேதியும் பதிப்பும் போய்விடும். இணையப் பக்கத்தை இன்றே முகவரியோடு படமெடுங்கள், நாளை திருத்திவிடுவார்கள். நீதிமன்றத்தில் அதைக் காட்ட புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவில் மின்னணு ஆவணங்களுக்குக் கேட்கப்படும் சான்றிதழ் தேவைப்படும். இளைஞர்களிடம் சொல்லிவையுங்கள்: கட்டுரையாளரின் போன் நம்பரைப் பரப்புவது, ஊருக்குள் வந்தால் பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதுவது எல்லாம் மிரட்டல் குற்றமாகி, வாதிகளான உங்களைக் குற்றம் சாட்டப்பட்டவர்களாக்கிவிடும்.

கடைசியாக, அந்த அக்கா வீட்டுக்குச் செயலாளர் என்ற முறையில் நீங்களே போங்கள். படத்தையும் அடிக்குறிப்பையும் முழுவதும் வாசித்துக் காட்டுங்கள். வழக்கென்றால் சாட்சிக் கூண்டில் நின்று குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பதையும் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் அதோடு விடுங்கள். சரி என்றால் அவர் கடிதம் உங்கள் கடிதத்துக்கு முன்னாலேயே போகட்டும்.