கடைசியில் எழுதியும் நிறம் மாறவில்லையே?

கேள்வி: என் வலைப்பக்க மெனுவில் உள்ள ஒரு லிங்க்குக்கு 'அவசரம்' என்று கிளாஸ் (அடையாளப் பெயர்) கொடுத்து, பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் ஃபைலின் கடைசி வரியில் சிவப்பு நிறம் எழுதினேன். நீலமாகவே இருக்கிறது. கடைசியில் எழுதியதுதான் ஜெயிக்கும் என்கிறார்களே? அந்த வரியில் 'இதுதான் முக்கியம்' என்று சொல்லும் '!இம்பார்ட்டன்ட்' போட்டதும் சிவப்பாகிவிட்டது. அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிடாதீர்கள். இன்று ஒன்று போட்டால், அடுத்த மாதம் அதே லிங்க்கை மாற்ற இன்னொன்று போட வேண்டிவரும், அப்புறம் அந்த ஃபைலைத் தொடவே பயமாகிவிடும்.

கடைசியில் எழுதியது ஜெயிக்கும் என்பது சரிதான், ஆனால் மற்ற எல்லாவற்றிலும் இரண்டு விதிகளும் சமமாக நின்றால் மட்டுமே பிரௌசர் வரிசையைப் பார்க்கும். அதற்கு முன்பே செலக்டரின், அதாவது விதி எதற்கு என்று சொல்லும் பகுதியின், எடையைப் பார்த்துவிடுகிறது. லிங்க் மேல் ரைட் கிளிக் செய்து 'இன்ஸ்பெக்ட்' கொடுங்கள். உங்கள் சிவப்பு வரி குறுக்கே கோடு போட்டுக் கிடக்கும், அதற்கு மேலே ஜெயித்த விதி இருக்கும். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது '#மெனு ஏ' போல, அதாவது 'மெனு' என்ற ஐடிக்குள் இருக்கும் லிங்க்குகள் ('ஏ' டேக்) என்று சொல்லும் ஒன்றாகத்தான் இருக்கும். முன்னால் # இருந்தால் ஐடி, புள்ளி இருந்தால் கிளாஸ். எத்தனை ஐடி, எத்தனை கிளாஸ், எத்தனை டேக் என்று எண்ணினால் அதற்கு 1-0-1, உங்கள் '.அவசரம்' 0-1-0. இடமிருந்து ஒப்பிட வேண்டும், ஐடி இடத்திலேயே முடிவு தெரிந்துவிட்டது. இதை நூறு, பத்து, ஒன்று என்று கூட்டச் சொல்லிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், அது தவறு. 11 கிளாஸ்களை அடுக்கினாலும் ஒரு ஐடியை வெல்ல முடியாது.

'#மெனு'வை '.மெனு' என்று கிளாஸாக்கிவிடுங்கள், பக்கத்தின் உள்ளடக்கம் இருக்கும் எச்டிஎம்எல்லிலும் அந்தக் கிளாஸைச் சேர்க்க மறக்காதீர்கள். ஆனால் அதோடு நிறுத்தினால் போதாது, '.மெனு ஏ' 0-1-1, உங்களுடையது 0-1-0, இன்னமும் நீலம்தான். '.மெனு .அவசரம்' என்று எழுதினால் 0-2-0 ஆகிவிடும், சிவப்பு வந்துவிடும்.

'!இம்பார்ட்டன்ட்' எதற்கு வந்தது என்று தெரிந்தால் அதை இப்படிச் செலவழிக்க மனம் வராது. 1994-இல் ஹோகோன் வியூம் லீ சிஎஸ்எஸ்ஸை முன்மொழிந்தபோதே, பக்கத்தை எழுதியவரின் விருப்பத்தோடு படிப்பவரின் விருப்பமும் கலந்துதான் தோற்றம் அமைய வேண்டும் என்பது அதில் இருந்தது. சாதாரண விதிகளில் எழுதியவர் படிப்பவரை மிஞ்சுவார். '!இம்பார்ட்டன்ட்' போட்டால் அது தலைகீழாகும், 1998-இல் வந்த சிஎஸ்எஸ் 2 அதைப் படிப்பவர் பக்கம் திருப்பியது. பார்வை மங்கிய ஒருவர் கறுப்புப் பின்னணியில் பெரிய மஞ்சள் எழுத்து வேண்டுமென்று தன் பிரௌசரில் இப்படி எழுதி வைத்தால், உங்கள் '!இம்பார்ட்டன்ட்' கூட அதற்கு வழிவிட வேண்டும். அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

வேறொருவர் எழுதிய பெரிய சிஎஸ்எஸ்ஸோடு மல்லுக்கட்டுகிறீர்கள் என்றால் '@லேயர்' இருக்கிறது, 2022 முதல் முக்கிய பிரௌசர்கள் எல்லாவற்றிலும் வேலை செய்கிறது. அந்த சிஎஸ்எஸ்ஸை ஒரு லேயருக்குள் போட்டுவிட்டால், வெளியே நீங்கள் எழுதும் சாதாரண விதி எடை குறைவாக இருந்தாலும் ஜெயிக்கும்.

கேள்வி: பக்கம் முழுவதையும் அடக்கும் 'பாடி' டேக்குக்குக் கறுப்பு நிறம் கொடுத்தேன், எழுத்தெல்லாம் மாறியது, லிங்க் மட்டும் மாறவில்லை. ஏன்?

பதில்: மேலேயிருந்து வாரிசாக வரும் நிறத்துக்கு எடையே கிடையாது. லிங்க்குக்கென்று பிரௌசரே ஒரு நிறம் வைத்திருக்கிறது, அது நேராக லிங்க் மேலேயே விழுவதால் 'பாடி'யிலிருந்து வருவது எடுபடவில்லை. 'பாடி'க்கு ஐடி வைத்து எழுதினாலும் இதே கதைதான். 'ஏ' டேக்குக்கு 'கலர்: இன்ஹெரிட்' என்று ஒரு வரி எழுதுங்கள், மேலே உள்ள நிறத்தை எடுத்துக்கொள்ளும்.