பொண்ணு போட்டோ ஏஐ ட்ரெயினிங்குக்குப் போகாம இருக்கணும்னா, கடைப் பேஜை மூடணுமா?

கோத்தகிரி பக்கத்துல இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்காங்க. வீட்லயே சாக்லேட் செஞ்சு இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் ரெண்டுலயும் போட்டு ஆர்டர் எடுக்கறவங்க. "அண்ணா, நாம போடற போட்டோவை எல்லாம் ஏஐக்கு எடுத்துக்கறாங்களாமே. 'என் தகவலை யூஸ் பண்ண மெட்டாவுக்கு அனுமதி இல்லை'ன்னு வாட்ஸ்அப்ல வந்ததை அப்படியே காப்பி பண்ணி என் ஃபேஸ்புக் வால்ல போட்டுட்டேன், அது போதுமா? யூடியூப்ல ஒருத்தர் ஒரு ஃபார்ம் காட்டினார், என் போன்ல எவ்ளோ தேடியும் அது வரவே இல்ல. பொண்ணு போட்டோ நிறைய இருக்கு, அதான் பயமா இருக்கு. பேஜையே மூடிடவா?"

மூட வேண்டாம்ங்க. சோறு போடற பேஜ் அது. ஆனா அந்த வால் மெசேஜால ஒரு பிரயோஜனமும் இல்ல. 2024 செப்டம்பர்ல அது உலகம் பூரா சுத்தி வந்துச்சு, பெரிய பெரிய பிரபலங்களே போட்டாங்க. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூணையும் நடத்தறது மெட்டா கம்பெனி, அக்கவுண்ட் ஓப்பன் பண்ணும்போதே அவங்க விதிமுறைக்கு ஓகே குடுத்துட்டோம், அதை வால்ல நாலு வரி எழுதி மாத்த முடியாது. அழிச்சிடுங்க.

அந்த ஃபார்ம் உங்க போன்ல வராததுக்கு காரணம், அது ஐரோப்பாக்காரங்களுக்கு உள்ளது. அங்க மெட்டா 2025 மே 27ல இருந்து பப்ளிக் போஸ்ட்டை ஏஐ ட்ரெயினிங்குக்கு, அதாவது ஏஐயைப் பழக்கறதுக்கு, எடுக்க ஆரம்பிச்சது, அங்க இருக்கற சட்டப்படி வேண்டாம்னு சொல்றதுக்கு ஒரு ஃபார்ம் குடுக்க வேண்டி வந்துச்சு. நம்ம நாட்லயும் 2023ல டேட்டா பாதுகாப்பு சட்டம் வந்துச்சு, 2025 நவம்பர்ல அதுக்கு விதிகளும் வந்து படிப்படியா அமலுக்கு வருது. ஆனா அந்த சட்டத்தோட மூணாவது பிரிவுலயே ஒண்ணு சொல்லியிருக்காங்க, ஒருத்தர் தன்னைப் பத்தின தகவலை தானே பப்ளிக்கா வெளியிட்டிருந்தா அது இந்த சட்டத்துக்குள்ள வராதுன்னு. அதுக்கு அவங்க குடுத்திருக்கற உதாரணமே சோஷியல் மீடியாவுல எழுதறவங்கதான். நாமளே திறந்து வெச்சதுக்கு சட்டம் துணைக்கு வராதுங்க.

அப்போ நம்ம கையில மிச்சம் இருக்கறது என்னன்னா, எது பப்ளிக், எது ஃப்ரெண்ட்ஸுக்கு மட்டும்னு நாம முடிவு பண்றது. 18 வயசுக்கு மேல இருக்கறவங்க பப்ளிக்கா போடற போஸ்ட், போட்டோ, கேப்ஷன், கமெண்ட் இதைத்தான் எடுக்கறோம், ஃப்ரெண்ட்ஸுக்கு மட்டும் போட்டதையும் தனி மெசேஜையும் எடுக்கறது இல்லன்னு மெட்டா சொல்லுது. 2024 செப்டம்பர்ல ஆஸ்திரேலியா செனட் விசாரணையில அவங்க அதிகாரி ஒருத்தங்க, 2007ல இருந்து பப்ளிக்கா கிடக்கற எல்லாத்தையும் எடுத்திருக்கோம்னு ஒத்துக்கிட்டாங்க. சின்னப் பசங்க அக்கவுண்ட்ட தொடறது இல்லையாம், ஆனா அம்மா அப்பா தங்களோட அக்கவுண்ட்ல பப்ளிக்கா போட்ட பசங்க போட்டோ அதுல வரும்னும் அங்கயே சொன்னாங்க. உங்க பயம் தேவையில்லாத பயம்னு நான் சொல்லவே மாட்டேன்.

போன வாரம் குன்னூர்ல எங்க தெரு பெரியம்மா ஒருத்தங்க போனை வாங்கிப் பார்த்தேன். ஹெத்தையம்மன் பண்டிகைக்கு எடுத்த ஆல்பம், 2013ல போட்டது, பேத்தி வெள்ளை உடுத்திக்கிட்டு பல்லு விழுந்த வாயோட சிரிக்குது. தேதிக்குப் பக்கத்துல சின்னதா ஒரு உலக உருண்டை. அந்த உருண்டை இருந்தா உலகத்துல யார் வேணா பார்க்கலாம்னு அர்த்தம், ரெண்டு தலை இருக்கற படம் இருந்தா ஃப்ரெண்ட்ஸ் மட்டும். பன்னெண்டு வருஷமா அந்த உருண்டையை அவங்க கவனிக்கவே இல்ல, அந்தப் பொண்ணு இப்போ காலேஜ் போகுது.

நீங்களும் மொதல்ல உங்க பழைய போஸ்ட்ல அந்த உருண்டையைத் தேடுங்க. ஒவ்வொண்ணா மாத்திக்கிட்டு இருந்தா விடிஞ்சிடும். ஃபேஸ்புக் செட்டிங்ஸ்ல ஆடியன்ஸ் அண்ட் விசிபிலிட்டின்னு ஒரு பகுதி இருக்கும், அதுல போஸ்ட்ஸ் உள்ள போனா 'லிமிட் ஹூ கேன் சீ பாஸ்ட் போஸ்ட்ஸ்'னு வரும், அதை அமுக்கினா பழைய பப்ளிக் போஸ்ட் மொத்தமும் ஃப்ரெண்ட்ஸுக்கு மட்டும்னு மாறிடும். திரும்ப மொத்தமா பப்ளிக் ஆக்க முடியாது, ஆக்கவும் வேண்டாம். அதே இடத்துல இனிமே போடறதுக்கும் ஃப்ரெண்ட்ஸ்னு வெச்சிடுங்க. ப்ரொஃபைல் போட்டோவும் கவர் போட்டோவும் எல்லாருக்கும் தெரியும், அதுல பாப்பாவை வெச்சிருந்தா இன்னைக்கே மாத்திடுங்க, சாக்லேட் படம் போதும்.

இன்ஸ்டாகிராம்லதான் உங்களுக்கு சிக்கல், ஏன்னா பிசினஸ் அக்கவுண்ட்ட பிரைவேட் ஆக்க அதுல வழி இல்ல. அதனால ரெண்டா பிரிங்க. கடை அக்கவுண்ட் பப்ளிக்காவே இருக்கட்டும், அதுல சாக்லேட், டப்பா, விலை, பின்னாடி தெரியற தேயிலைத் தோட்டம்னு மட்டும் இருக்கட்டும். வீட்டுக்குன்னு இன்னொரு அக்கவுண்ட் ஓப்பன் பண்ணி அக்கவுண்ட் ப்ரைவசில பிரைவேட்னு போட்டு சொந்தக்காரங்களை மட்டும் சேருங்க. கடைப் பேஜ்ல பாப்பா சாக்லேட் டப்பா பிடிச்சு நிக்கற போட்டோவுக்குத்தான் லைக் அதிகம் வரும்னு எனக்கும் தெரியும், இருந்தாலும் எடுத்துடுங்க, கஸ்டமர் சாக்லேட்டுக்காகத்தான் வர்றாங்க.

இவ்ளோ பண்ணா ஏற்கனவே போனது திரும்பி வருமான்னு கேட்டா, வராது. நம்ம ஊர்ல பச்சைத் தேயிலை பேக்டரிக்குப் போறதை நினைச்சுக்கோங்க. அம்பது பேர் தோட்டத்து இலை ஒண்ணா வாட்டி, அரைச்சு, தூளாகி வந்ததுக்கு அப்புறம் இதுல என் மூட்டை எதுன்னு பிரிச்சு எடுக்க முடியுமா? ட்ரெயினிங்கும் அப்படித்தான், உங்க போட்டோ அதுக்குள்ள போட்டோவா உக்காந்திருக்காது, கோடிக்கணக்கான எண்கள்ல கரைஞ்சு போயிருக்கும். ஆனா ஏஐ மாடலை அடுத்தடுத்து புதுசு புதுசா ட்ரெயின் பண்ணிக்கிட்டே இருக்காங்க, அடுத்த லோடுல உங்க மூட்டை ஏறாம பார்த்துக்கலாம்.

வாட்ஸ்அப்புக்கு ரொம்ப பயப்பட வேண்டாம், நீங்களும் உங்க அக்காவும் பேசறது என்க்ரிப்ஷன்ல, அதாவது நடுவுல யாரும் படிக்க முடியாதபடி பூட்டி, போகுது. அந்த நீல வளையத்தை அமுக்கி மெட்டா ஏஐகிட்ட நீங்க கேக்கறது மட்டும் மெட்டாவுக்குப் போகும். ஃபேமிலி குரூப்ல யாராவது அதை இழுத்து விடுவாங்கன்னு தோணுச்சுன்னா குரூப் பேரைத் தொட்டு அட்வான்ஸ்டு சாட் ப்ரைவசிய ஆன் பண்ணிடுங்க.

கேப்ஷன் எழுத சாட்ஜிபிடி யூஸ் பண்றேன்னும் எழுதியிருந்தீங்க. அதுல செட்டிங்ஸ், டேட்டா கன்ட்ரோல்ஸ் போய் 'இம்ப்ரூவ் த மாடல் ஃபார் எவ்ரிஒன்'னு இருக்கறதை ஆஃப் பண்ணுங்க. ஜெமினி வெச்சிருந்தா அதோட ஆக்டிவிட்டிய ஆஃப் பண்ணுங்க, ஏன்னா ஆள் வெச்சு பார்த்த சாட்டை நீங்க டெலீட் பண்ணாலும் 3 வருஷம் வரைக்கும் வெச்சிருப்போம்னு கூகுளே எழுதியிருக்கு. கஸ்டமர் பேர், அட்ரஸ், ஜிபே ஸ்க்ரீன்ஷாட் இதெல்லாம் எந்த ஏஐலயும் போடாதீங்க, அது உங்களை நம்பி குடுத்தது.

வீட்ல இருந்து ஐடி வேலை பார்க்கற உங்க தம்பிகிட்ட சொல்லுங்க, லிங்க்ட்இன்ல டேட்டா ப்ரைவசிக்குள்ள 'டேட்டா ஃபார் ஜெனரேட்டிவ் ஏஐ இம்ப்ரூவ்மென்ட்', எக்ஸ்ல (பழைய ட்விட்டர்) ப்ரைவசி அண்ட் சேஃப்டிக்குள்ள க்ரோக்னு அவங்க ஏஐ பேர் போட்ட பகுதி, ரெண்டும் நம்மளைக் கேக்காமலே ஆன்ல இருக்கும், அவரே ஆஃப் பண்ணிடுவார்.

கடைசியா, உங்க அக்கவுண்ட்ட எவ்ளோ பூட்டினாலும் உங்க நாத்தனார் அக்கவுண்ட் திறந்து கிடந்தா பாப்பா பர்த்டே ஆல்பம் அங்க இருந்து போகும். குரூப்ல பொதுவா எழுதினா யாரும் படிக்க மாட்டாங்க, தனியா போன் போட்டு, "அண்ணி, அந்த ஆல்பத்தை மட்டும் ஃப்ரெண்ட்ஸுக்கு மாத்திடுங்களேன்"னு கேளுங்க. எப்படி மாத்தறதுன்னு தெரியலன்னா நேர்ல போறப்போ நீங்களே போனை வாங்கி அந்த உருண்டையைத் தொட்டு மாத்திக் குடுத்துட்டு வாங்க.