பூட்டைப் பிடித்த பிராசஸ் செத்துப்போனால் என்ன செய்வது?

கேள்வி: வண்டன்மேடு, குமுளி பக்கத்து மலைச்சரக்குக் கடைகளுக்கு ஏலக்காய் கொள்முதல் சாஃப்ட்வேர் செய்து கொடுக்கிறேன். டேட்டாபேஸ் எஞ்சின் நானே சி மொழியில் எழுதியது, லினக்ஸில் ஓடுகிறது. தராசிலிருந்து எடை வாங்க ஒரு பிராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்), பில் போட ஒன்று, போடி ஆபீசுக்குக் கணக்கு அனுப்ப ஒன்று. மூன்றும் ஒரே டேட்டா கோப்பை எம்மேப் செய்து (கோப்பை மெமரிபோலவே பார்க்கும்படி இணைத்து), அதன் தலைப்பகுதியில் இருக்கும் மியூடெக்ஸை (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டு) பிடித்துக்கொண்டு எழுதுகின்றன. ஒன்று திடீரென்று செத்தால் மற்ற இரண்டும் சில சமயம் அப்படியே நின்றுவிடுகின்றன. மழைக்காலத்தில் கரண்ட் போய் வந்தால், மெஷின் எழுந்த பிறகும் சில கடைகளில் எதுவும் ஓடுவதில்லை. 5 விநாடி காத்தும் பூட்டு கிடைக்காவிட்டால் மியூடெக்ஸைப் புதிதாக இனிஷியலைஸ் செய்யும்படி இப்போதைக்கு எழுதியிருக்கிறேன். இது சரிதானா?

பதில்: சரியில்லை. அந்த 5 விநாடி வழியை முதலில் எடுத்துவிடுங்கள். பூட்டு கிடைக்கவில்லை என்பதாலேயே பிடித்தவன் செத்துவிட்டான் என்று ஆகாது. டிஸ்க் திணறிக்கொண்டிருக்கலாம், மெமரி போதாமல் ஸ்வாப்பில் மாட்டியிருக்கலாம். நீங்கள் இனிஷியலைஸ் செய்து உள்ளே நுழைந்த பிறகு அவன் விழித்து, விட்ட இடத்திலிருந்து எழுதுவான். ஒரே பக்கத்தில் இரண்டு பேர் கை வைத்தாயிற்று. பில் நின்றுபோன கடைக்காரர் உடனே போன் பண்ணுவார். கணக்கு கலைந்த கடைக்காரருக்கோ, புற்றடி ஏலத்துக்குக் காய் போய் எடை ஒத்துப்போகாதபோதுதான் விஷயம் தெரியும். விவசாயிக்குக் கொடுக்க வேண்டிய பணம் சம்பந்தப்பட்ட எஞ்சினில், கலைவதை விட நிற்பதே மேல்.

உங்களிடம் இருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறுகள்: பிராசஸ் சாவது, கரண்ட் போவது. மருந்தும் வேறு வேறு.

பிராசஸ் சாகும் கதையை முதலில் பார்ப்போம். லினக்ஸில் மியூடெக்ஸின் உயிர், பிராசஸ்கள் பகிரும் ஷேர்டு மெமரியில் கிடக்கும் 4 பைட் எண்தான். போட்டி இல்லாதபோது பூட்டுவதும் திறப்பதும் அந்த எண்ணை அட்டாமிக்காக (நடுவில் யாரும் குறுக்கிட முடியாதபடி) மாற்றுவதோடு முடிந்துவிடும். லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலிடம் போவதே இல்லை. வேகம் அதனால்தான். ஒரு பிராசஸ் செத்தால் கெர்னல் அதன் கோப்புகளை மூடும், மெமரியை விடுவிக்கும். அது பிடித்திருந்த சாதாரண மியூடெக்ஸைத் தொடாததும் இதே காரணத்தால்தான். அடுத்த முறை நின்றுபோகும்போது ஜி.டி.பி. (gdb) என்ற பிழைதேடும் கருவியை இணைத்து மியூடெக்ஸை அச்சிட்டுப் பாருங்கள். ஓனர் என்ற இடத்தில் ஒரு எண் இருக்கும். ஓடும் பிராசஸ்களைக் காட்டும் பி.எஸ். (ps) பட்டியலில் திரெட்டுகளையும் (பிராசஸுக்குள் தனித்தனியாக ஓடும் இழைகள்) சேர்த்துத் தேடுங்கள். அந்த எண்ணில் ஆள் இல்லையென்றால் நோய் இதுதான்.

இதற்காகவே ரோபஸ்ட் மியூடெக்ஸ் இருக்கிறது. கெர்னல் ஆதரவு 2006-இல் 2.6.17 பதிப்பிலேயே வந்துவிட்டது; யூனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான போசிக்ஸ் தரத்தில் 2008-இல் சேர்ந்தது. ஒவ்வொரு திரெட்டும் தான் பிடித்திருக்கும் ரோபஸ்ட் பூட்டுகளின் பட்டியலை வைத்திருக்கும். அது செத்தால் கெர்னல் அந்தப் பட்டியலை நடந்து பார்த்து, ‘சொந்தக்காரன் செத்தான்’ என்று குறியிட்டு, காத்திருப்பவரில் ஒருவரை எழுப்பிவிடும். கில் 9 அடித்துக் கட்டாயமாகக் கொன்றாலும், தப்பான மெமரியைத் தொட்டுச் செக்மென்டேஷன் ஃபால்ட் ஆனாலும், மெமரி போதாமல் கெர்னலே கொன்றாலும் இது நடக்கும்.

இனிஷியலைஸ் செய்யும்போது ரோபஸ்ட், பிராசஸ் ஷேர்டு என்ற இரண்டு பண்புகளையும் கொடுக்க வேண்டும். பலர் இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். விட்டாலும் டெஸ்டில் ஓடும், ஏனென்றால் போட்டி இல்லாதவரை வித்தியாசமே தெரியாது. கடையில் கூட்டம் வந்து இரண்டு பிராசஸ் மோதும்போதுதான், தூங்குபவனுக்கு எழுப்பும் குரல் எட்டாமல் போகும்.

இனி முக்கியமான இடம். பூட்டு கேட்டபோது ‘ஓனர் டெட்’ என்ற பிழைக்குறி வந்தால், பூட்டு உங்கள் கையில் இருக்கிறது, ஆனால் அது காக்கும் டேட்டா பாதியில் நிற்கலாம் என்று அர்த்தம். டேட்டாவைச் சரிசெய்து, ‘கன்சிஸ்டென்ட்’ ஃபங்ஷனை அழைத்து, பிறகுதான் திறக்க வேண்டும். அதை அழைக்காமல் திறந்தால் அந்த மியூடெக்ஸ் இனி யாருக்கும் கிடைக்காது; அழித்துவிட்டுப் புதிதாக இனிஷியலைஸ் செய்ய வேண்டியதுதான். இந்தக் குறி வந்தவுடனே கன்சிஸ்டென்ட் என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடரும் கோட் நிறையப் பார்த்திருக்கிறேன். பூட்டு திறந்துகொள்ளும், எடை விழுந்து தொகை விழாத பதிவு மட்டும் உள்ளே அப்படியே கிடக்கும்.

சரிசெய்ய வழி வேண்டுமானால் எழுதும் முறையிலேயே அதற்கு இடம் வைக்க வேண்டும். மாற்றப்போகும் பகுதியின் பழைய பிரதியை ஷேர்டு மெமரியில் ஓர் ஓரத்தில் எழுதுங்கள், பிறகு ‘மாற்றம் நடக்கிறது’ என்று கொடி, பிறகு மாற்றம், கடைசியில் கொடியை இறக்குங்கள். வாரிசாக வந்தவன் கொடி ஏறியிருந்தால் பழைய பிரதியைத் திரும்ப வைத்துவிடுவான். கம்பைலர் வரிசையைக் குலைக்காதபடி கொடிக்கு அட்டாமிக் ஸ்டோரும் சரியான பேரியரும் (வரிசையைக் காக்கும் தடுப்பு) போடுங்கள். அந்தப் பிரதியிலும் சந்தேகம் என்றால் கன்சிஸ்டென்ட் என்று சொல்லவே வேண்டாம். மூன்று பிராசஸையும் நிறுத்தி, லாகிலிருந்து (log, மாற்றங்களை வரிசையாக எழுதிவைக்கும் பதிவேடு) மீட்டு எழுப்புங்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் இந்த வழியைத்தான் பிடித்திருக்கிறது: பேக்எண்ட் (ஓர் இணைப்பைக் கவனிக்கும் பிராசஸ்) ஒன்று கிராஷ் ஆனால், தாய் பிராசஸ் மற்றவற்றையும் நிறுத்தி, ஷேர்டு மெமரியைப் புதிதாக அமைத்து, லாகை ஓட்டி எழும்.

கரண்ட் போகும் கதைக்கு ரோபஸ்ட் உதவாது. பட்டியலைப் பார்க்க வேண்டிய கெர்னலே அப்போது இல்லை. உங்கள் மியூடெக்ஸ் டேட்டா கோப்புக்குள் இருப்பதால், பூட்டிய நிலையில் அந்தப் பக்கம் டிஸ்குக்குப் போய்விடுகிறது. மெஷின் எழுந்ததும், பூட்டுக்குள் இப்போது இல்லாத ஆளின் எண் உட்கார்ந்திருக்கிறது. மியூடெக்ஸை டேட்டா கோப்பிலிருந்து வெளியே எடுத்து, டெவ் எஸ்.எச்.எம். (/dev/shm) அடியில் தனிக் கோப்பாக வையுங்கள். அது மெமரியில் இருப்பது, ரீபூட்டில் போய்விடும்.

அப்படியானால் இனிஷியலைஸ் செய்வது யார்? அதற்கு எஃப்கண்டில் (fcntl) என்ற கெர்னல் அழைப்பு தரும் கோப்புப் பூட்டு போதும். ஒவ்வொரு பிராசஸும் தொடங்கும்போது ஒரு தனிக் கோப்பில் எழுது-பூட்டு கேட்கட்டும். கிடைத்தால் வேறு யாரும் இல்லை. மியூடெக்ஸை அமைத்து, லாகிலிருந்து மீட்டு, படி-பூட்டாக இறக்கிக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் படி-பூட்டுக்குக் காத்திருக்கட்டும். பிராசஸ் உயிரோடு இருக்கும்வரை அந்தப் பூட்டு இருக்கும், செத்தால் கெர்னலே விடுவித்துவிடும். ஒரு பொறி உண்டு: அதே பிராசஸ் அந்தக் கோப்பை வேறு எங்காவது திறந்து மூடினாலும் பூட்டு போய்விடும். இன்னொரு கோப்புப் பூட்டான ஃப்ளாக் (flock) வேண்டாம், அதில் பூட்டின் வகையை மாற்றுவது ஒரே மூச்சில் நடக்கும் என்ற உறுதி இல்லை.

பழைய பிரதி, கொடி எல்லாம் பிராசஸ் சாவுக்கு மட்டும்தான். எம்மேப் பக்கங்கள் எந்த வரிசையில் டிஸ்குக்குப் போகும் என்று சொல்ல முடியாது. கரண்ட் போவதற்கு, செக்சம் (பதிவு கெடவில்லை என்று சரிபார்க்கும் எண்) போட்டு எஃப்சிங்க் செய்த (டிஸ்கில் சேரும்வரை காத்திருந்து எழுதிய) லாக்தான் ஆதாரம். எஃப்சிங்க் முடிந்த பிறகு பில்லை அச்சிடுங்கள்.

வேறு சில: பூட்டுக்குள் இருந்துகொண்டு தராசு எண் அனுப்பக் காத்திருக்காதீர்கள், எடையை வெளியிலேயே வாங்கிவிட்டு உள்ளே போங்கள். ஷேர்டு மெமரிக்குள் பாயிண்டர் வைக்காமல் தொடக்கத்திலிருந்து தூரத்தை வையுங்கள். எந்தக் கடையிலாவது 32 பிட்டில் கட்டிய பழைய பில் புரோகிராம் ஓடுகிறதா பாருங்கள்: லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சியில் (glibc) மியூடெக்ஸ் 64 பிட் இன்டெல் மெஷினில் 40 பைட், 32 பிட்டில் 24 பைட். இரண்டும் ஒரே பூட்டைப் பகிர முடியாது.

மாற்றி எழுதியதும், பூட்டுக்குள் மெமரியில் எழுதும் ஒவ்வொரு வரிக்குப் பின்னும் தானே செத்துவிடும் (abort) டெஸ்ட் பில்ட் ஒன்று செய்து, ஒவ்வோர் இடத்திலும் கொன்று பார்த்து, மொத்த எடையையும் தொகையையும் லாகோடு ஒத்துப்பாருங்கள். பிறகு உங்கள் மேஜையில் இருக்கும் மெஷினை, பில் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கிச் சோதியுங்கள். இரண்டும் தேறிய பிறகு ஒரே ஒரு கடைக்கு மட்டும் கொடுங்கள், அதுவும் பறிப்பு சூடுபிடிக்கும் முன்பே.