மனநலம் கேள்வி-பதில்: காய்ச்சல் வந்த வீட்டுக்குப் போன் செய்யுங்கள்

இது 2021 ஊரடங்கின்போது எழுதியது. கொரோனா இரண்டாம் அலை தொடங்கியதிலிருந்து கடிதங்கள் குவிகின்றன. வயது, எத்தனை நாளாகத் தொந்தரவு, சாப்பிடும் மருந்துகள் ஆகிய மூன்றையும் எழுதுங்கள் என்று வாராவாரம் கேட்கிறேன். பாதிப் பேர் எழுதுவதில்லை.

டாஸ்மாக் மூடி மூன்று நாளாகிறது. என் கணவருக்குக் கை நடுங்குகிறது. நேற்றிரவிலிருந்து சுவரில் பூச்சி ஊர்கிறது என்கிறார். மன அழுத்தமா? (வாசகி, வியாசர்பாடி)

108ஐ அழையுங்கள் அம்மா, மீதியைப் பிறகு படிக்கலாம். தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். அதன்பின் குழப்பம், இல்லாததைப் பார்ப்பது, கடும் வியர்வை. கவனிக்காவிட்டால் உயிர் போகும். குடியை விட்டுவிட்டார் என்று மகிழ்ந்து வீட்டிலேயே வைத்திருக்காதீர்கள். மருத்துவமனையில் வைட்டமின் பி1 ஊசியும் சில நாள் மருந்தும் கொடுத்தால் பெரும்பாலானவர்கள் ஒரு வாரத்தில் தேறிவிடுகிறார்கள்.

கொரோனா சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய அப்பா (62) மூன்று இரவாகத் தூங்கவில்லை. ஓயாமல் பேசுகிறார், புதுத்தொழில் தொடங்கப்போகிறாராம். டெக்ஸாமெத்தசோன் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். (அம்பத்தூர்)

அந்த மாத்திரைதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். அது ஸ்டீராய்டு வகை மருந்து, சிலருக்குத் தூக்கத்தைக் கெடுத்து மனநிலையை உச்சத்துக்கு ஏற்றிவிடும். எழுதிக்கொடுத்த மருத்துவரை இன்றே அழையுங்கள். சர்க்கரை அளவையும் பாருங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

எங்கள் குடியிருப்பில் 120 வீடுகள். தொற்று உறுதியானவர்களின் பெயரையும் கதவு எண்ணையும் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோம். சிலர் சண்டைக்கு வருகிறார்கள். மற்றவர்களின் பயத்தைக் குறைக்கத்தானே இதைச் செய்கிறோம்? (சங்கச் செயலாளர், வேளச்சேரி)

சண்டைக்கு வருகிறவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. பெயரைப் போட்டதால் இதுவரை யாருடைய பயமாவது குறைந்ததா? அந்த வீட்டுப் பால்காரர் நின்றிருப்பார், குப்பை எடுக்க ஆள் வந்திருக்க மாட்டார், குணமான பிறகும் லிஃப்டில் அவர்களைக் கண்டால் ஒதுங்குவார்கள். இதைப் பார்க்கும் அடுத்த வீட்டுக்காரர் என்ன செய்வார்? தனக்குக் காய்ச்சல் வந்தால் மறைப்பார். கணக்கெடுக்க வரும் மாநகராட்சிப் பணியாளரிடம் "இங்கே யாருக்கும் ஒன்றுமில்லை" என்று கதவைச் சாத்துவார். பரிசோதனை தள்ளிப்போகும். ஏழெட்டு நாள் கழித்து மூச்சு வாங்கும்போதுதான் வெளியே தெரியும். அவமானத்துக்குப் பயந்து தாமதமாக வந்தவர்களை நான் தொடர்ந்து பார்க்கிறேன், அதனால்தான் இவ்வளவு கடுமையாக எழுதுகிறேன்.

2020 ஏப்ரலில் இதே சென்னையில், கொரோனாவால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலைப் புதைக்க விடாமல் கல்லெறிந்தார்கள். நள்ளிரவில் சக மருத்துவர் ஒருவர் தானே மண் தள்ளி அடக்கம் செய்ய வேண்டியிருந்தது. கல்லெறிந்தவர்களும் தங்கள் பகுதியைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்திருப்பார்கள். அதே ஆண்டு தொற்று வந்த வீட்டு வாசல்களில் தகரம் அடித்து மறைத்ததும் பாதுகாப்பின் பெயரால்தான்.

சங்கத்துக்கு உருப்படியான வேலை இருக்கிறது. மாடிக்கு ஒருவர் பொறுப்பேற்கட்டும். தொற்று வந்த வீட்டுக்குக் காலையும் மாலையும் அவர் ஒருவர் மட்டும் போன் செய்யட்டும்: சாப்பிட்டீர்களா, ஆக்சிஜன் அளவு எவ்வளவு, மருந்து இருக்கிறதா, பேச ஆள் வேண்டுமா? ஆக்சிஜன் அளவு 94க்குக் கீழே என்றால் உடனே மருத்துவர். சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு வரலாம். தனியாக வாழும் முதியவர்களுக்குத் தொற்று இல்லாவிட்டாலும் போன் போகட்டும். வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்திய பணிப்பெண்களுக்குச் சம்பளம் கொடுங்கள், அவர்களின் தூக்கம் போவது வாடகைக் கவலையால். குழுவில் போட்ட பெயர்களை இன்றே நீக்கிவிட்டு, அந்தக் குடும்பங்களிடம் மன்னிப்புக் கேளுங்கள்.

கொரோனாவில் இறந்த அப்பாவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, பதினாறாம் நாள் காரியமும் நடக்கவில்லை. அம்மா அழவே இல்லை. மாத்திரை தேவையா? (ராயபுரம்)

இப்போது தேவையில்லை. அழாததை நோய் என்று எண்ண வேண்டாம். விடைகொடுக்க முடியாமல் போன துக்கம் மெதுவாகத்தான் வெளியே வரும். "அழுதுவிடு" என்று வற்புறுத்தாதீர்கள். அப்பாவைப் பற்றி நீங்கள் பேசத் தொடங்குங்கள், அவர் சேர்ந்துகொள்வார். காரியத்தை ஊரடங்கு தளர்ந்தபின் உறவினரோடு செய்யலாம், காலம் கடந்துவிட்டதென்று விட்டுவிடாதீர்கள். சாப்பாட்டை ஒதுக்கினாலோ, "நானும் போய்விடுகிறேன்" என்றாலோ அன்றே மருத்துவரிடம் அழைத்துவாருங்கள்.

நாங்கள் கல்லூரி மாணவர்கள். தனிமையில் இருப்பவர்களுக்குப் போனில் ஆலோசனை வழங்க விரும்புகிறோம். (தாம்பரம்)

ஆலோசனை வேண்டாம், காது கொடுங்கள். முதலில் கேளுங்கள், தேவையை அறியுங்கள், சரியான இடத்தோடு இணையுங்கள். "எல்லாம் சரியாகிவிடும்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். சாக நினைக்கிறார் என்று தோன்றினால் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, பலருக்குப் பாரம் இறங்குகிறது. "ஆம்" என்றால் அவரைத் தனியே விடாமல் வீட்டார் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்புப் பணியில் இருக்கும் சிநேகா அமைப்பின் எண் 044-24640050, அரசின் உதவி எண் 104, கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை ஆகியவற்றை எல்லோரும் எழுதி வைத்திருங்கள். தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் யாரும் பேச வேண்டாம், உங்கள் மனமும் களைக்கும்.

தூக்கம் வரவில்லை. நல்ல மாத்திரை ஒன்றின் பெயர் சொல்லவும்.

வயது இல்லை, நோய் இல்லை, ஊர்கூட இல்லை. சொல்ல மாட்டேன். தொற்று இருந்து மூச்சும் பலவீனமாக இருந்தால் சில தூக்க மாத்திரைகள் ஆபத்தில் முடியும். இரவுச் செய்திகளை நிறுத்துங்கள், மருத்துவரைப் பாருங்கள்.

மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர் கொரோனா தடுப்பூசி போடலாமா? (பெரம்பூர்)

கட்டாயம் போடுங்கள். மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

வயது 45. மனநிலை ஏற்றத்தாழ்வுக்காகப் பன்னிரண்டு ஆண்டுகளாக லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறேன். இரண்டு நாளாகக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு. (கொளத்தூர்)

இப்படித்தான் எழுத வேண்டும், நன்றி. உடம்பில் நீர் வற்றினால் இரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். இன்றே உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள், அளவைக் குறைப்பதா நிறுத்திவைப்பதா என்று அவர் முடிவு செய்யட்டும். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் போதும், ஐபுப்ரோஃபென் கூடாது. உப்புச் சர்க்கரைக் கரைசல் குடியுங்கள். நடை தள்ளாடினாலோ பேச்சுக் குழறினாலோ மருத்துவமனைக்குப் போய், லித்தியம் சாப்பிடுவதை முதலில் சொல்லுங்கள்.